தேன் கார்ன்ஃபிளேக்ஸ்: தீபாவளி வரைக்கும் நமக்காமல் இருக்க

இரண்டு வாரம் முன்பே போட்டு வைத்த டின்னைத் தீபாவளியன்று திறந்தால், முறுக்கும் அச்சுமுறுக்கும் அப்படியே இருக்கும். சின்னப் பேப்பர் கப்பில் நிரப்பிச் சுடும் தேன் கார்ன்ஃபிளேக்ஸ் மட்டும் நமத்துப்போய்க் கப்போடு ஒட்டிக்கொண்டு வரும். கோலாலம்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு. அக்டோபர், நவம்பரில் சாயந்திரமானால் மழை வேறு. கார்ன்ஃபிளேக்ஸில் இருக்கும் ஈரமோ நூற்றுக்கு 3, 4 பங்குதான். பக்கத்தில் கிடைக்கும் ஈரத்தையெல்லாம் அது இழுக்கும். தேனும் இழுக்கும். வேலை முழுக்க இந்த ஈரத்தோடுதான்.

சின்ன கப் 60 வரை வர, சாதா கார்ன்ஃபிளேக்ஸ் 200 கிராம், வெண்ணெய் 110 கிராம், நைசான சீனி 70 கிராம், தேன் 50 கிராம் (இரண்டரை மேசைக்கரண்டி) போதும். உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. மார்ஜரினிலும் வரும், ஆனால் ரொட்டியில் தடவும் மெத்தென்ற வகை வேண்டாம். அதில் பலவற்றில் தண்ணீர் கூடுதல். சீனி பூசிய கார்ன்ஃபிளேக்ஸும் வேண்டாம். 1952-இல் டோனி என்ற புலியை முன்னால் நிறுத்தி விற்பனைக்கு வந்த வகை அது. பாலில் போட்டுத் தின்ன நன்றாக இருக்கும், ஓவனில் மேல்சீனி முதலில் கருகிவிடும்.

சீனிக்காகவே அமெரிக்காவில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மோதிக்கொண்டார்கள். மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக்கில் மருத்துவ விடுதி நடத்தியவர் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். 1894-இல் அங்கே வேகவைத்து மறந்துபோன கோதுமையை உருளையில் விட்டபோது தனித்தனிச் செதிலாக வந்தது; 1896-இல் காப்புரிமை கிடைத்தது. சோளம் பிறகுதான். நோயாளிச் சாப்பாட்டில் சீனி எதற்கு என்றார் அண்ணன். சீனி போட்டால்தான் ஊரே வாங்கும் என்ற தம்பி வில் கீத், 1906-இல் தனிக் கம்பெனி தொடங்கினார். வியாபாரத்தில் தம்பி கணக்கே சரி.

முதலில் ஓவனை 150 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்குங்கள். பாக்கெட் ஏற்கெனவே பிரித்ததாக இருந்தால், அதற்கும் முன்பே கார்ன்ஃபிளேக்ஸைத் தட்டில் பரப்பி, 120 டிகிரியில் 6 நிமிடம் காயவைத்து ஆறவிட்ட பிறகு எடுங்கள்.

வெண்ணெய், சீனி, தேன் மூன்றையும் சின்னத் தீயில் வைத்துக் கிளறுங்கள். சீனி கரைந்து, பாகின் மேல் முழுக்க நுரை கொப்பளித்த பிறகு ஒரு நிமிடம், கூடினால் இரண்டு. உடனே இறக்கிவிடுங்கள். சீக்கிரம் இறக்கினால் சீனி நறநறக்கும், செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கப்பிலேயே உதிரும். அதிகம் கொதித்தால் மிட்டாய்போல் இறுகிப் பல்லைப் பதம் பார்க்கும். அகன்ற பேசினில் உள்ள கார்ன்ஃபிளேக்ஸில் பாகை இரண்டு தடவையாக ஊற்றி, இரண்டு மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே தூக்கிப் போடுங்கள். அழுத்திக் கிளறினால் பாதி தூளாகிவிடும். பாகைக் குடித்து முதலில் நமப்பது அந்தத் தூள்தான். கலவை ஆறும் முன்பே கப்பில் நிரப்பி, பிசுபிசுப்பு இருக்கும்போதே கலர் மணியைத் தூவுங்கள்.

நடுத்தட்டில் 10 முதல் 12 நிமிடம். 8-ஆம் நிமிடத்திலேயே ஒருமுறை எட்டிப் பாருங்கள். சின்ன மேசை ஓவனில் மேல் கம்பி நெருக்கமாக இருப்பதால் 140 டிகிரி போதும். வெளியே எடுத்ததும் கப் மெத்தென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். தட்டின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து 10 நிமிடம் ஆறவைத்துக் கடியுங்கள். மொறுக்கென்றால் சரி. சவசவவென்று இழுத்தால் மொத்தத் தட்டும் இன்னும் 3 நிமிடம் உள்ளே போகட்டும். நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்: மேலே பொன்னிறம், உள்ளே ஈரம்.

கம்பித் தட்டில் அரைமணி நேரம் முழுக்க ஆறட்டும். வெதுவெதுப்பாக டின்னில் போட்டால் மூடிக்கு உள்பக்கம் ஆவி முத்துமுத்தாக நிற்கும். அது சொட்டும் இடம் முதலில் கெடும். ராத்திரி முழுக்க மேசையில் திறந்து கிடக்கவும் கூடாது.

அடுக்கும்போது கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிக்குள் இருந்த பையைத் தூக்கிப் போடாதீர்கள். 1914-இல் கெல்லாக் கம்பெனி மெழுகுத் தாளைப் பெட்டிக்கு வெளியே சுற்றி, மொறுமொறுப்பு போகாது என்று விளம்பரம் செய்தது. பின்னாளில் அந்தச் சுற்று உள்ளே போய்ப் பையானது. துடைத்து, டின் அளவுக்கு வெட்டி அடுக்குக்கு நடுவே விரியுங்கள். ஓவனுக்குள் மட்டும் போகக் கூடாது. சிவப்பு மூடி டின்னாக இருந்தால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். விருந்தாளிக்குத் தனியாக ஒரு சின்ன டின் வைத்துக்கொண்டால் பெரியதைத் திறக்க வேண்டியிராது. பிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

ஆர்டர் எடுக்கிறவர்களும் கெல்லாக் தம்பியைப் பார்க்கலாம். 1907-இல் நியூயார்க்கில், மளிகைக்காரரைப் பார்த்துக் கண்ணடிக்கும் பெண்களுக்கு ஒரு பெட்டி இலவசம் என்று விளம்பரம் போட்டார். நம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். நாலு கப் உள்ள சின்னப் பாக்கெட்டை ருசி பார்க்கக் கொடுத்தாலே போதும். பெட்டிமேல் தம் கையெழுத்தையும் அச்சடித்தார், போலிகள் அவ்வளவு. உங்கள் லேபிளில் பெயரோடு செய்த தேதியும் இருக்கட்டும், மூன்று வாரத்துக்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அப்படியும் நமத்துவிட்டால் 130 டிகிரியில் 6 முதல் 8 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, அன்றே பரிமாறுங்கள். இப்படி இரண்டாம் தடவையும் சூடாக்கினால் தேன் கசக்கும்.