2050-இல் உங்கள் தெருவுக்கு கரண்ட் எங்கிருந்து? ஊரே சேர்ந்து வரைந்து பார்க்க ஒரு வழி

இந்த விஷயத்துக்குக் கூட்டம் போட்டால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் டீ எப்போது வரும் என்று பார்த்திருப்பார்கள். கையில் பேனா இருந்தால் எல்லோருக்கும் வாய் திறக்கிறது. காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் பக்கம் செய்து பார்த்த முறை இது.

1. போட்டோ. ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிற இடமாக இருக்கட்டும். போனை நிமிர்த்திப் பிடித்து, வானம் நிறைய விழும்படி எடுங்கள். ஏதாவது ஒரு மின்கம்பம் முழுசாகத் தெரிய வேண்டும். ஏ4 தாளில் கறுப்பு வெள்ளை பிரிண்ட் போதும்.

2. மேல் தாள். டிரேசிங் பேப்பர் வேண்டாம், காற்றில் நிற்காது. ஓஹெச்பி ஷீட்டும் (கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக் தாள்) சிடி மார்க்கரும்தான் என் கட்சி. ஷீட்டைப் போட்டோ மேல் கிளிப் போட்டு, 2050-இல் கரண்ட் தரப்போகிற காற்றாலை, சோலார் எல்லாம் எங்கே நிற்கும் என்று வரைகிறோம். பிடிக்கவில்லையா, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடலாம். ஏஐ படச் செயலிகளைத் தொடவே வேண்டாம். எந்த ஊரைக் கேட்டாலும் ஒரே கண்ணாடிக் கோபுரமும் மொட்டைமாடித் தோட்டமும்தான் வரும்.

3. அளவு. எல்லோரும் சறுக்குவது இங்கேதான். காற்றாலையைப் பனைமர உயரத்துக்கு வரைந்துவிட்டு, "அழகா இருக்கே, நாலு வைக்கலாமே" என்பார்கள். தெரு மின்கம்பம் தரைக்கு மேல் சுமார் 7 மீட்டர். பழைய 225 கிலோவாட் காத்தாடி இறக்கை நுனி வரை 45 மீட்டர் போல. இப்போது வருகிற பெரியவை 200 மீட்டரைத் தாண்டுகின்றன. அதாவது படத்தில் கம்பம் 1 செ.மீ. என்றால், அதே இடத்தில் பழையது 6 செ.மீ.க்குச் சற்று மேல். புதியது 28 செ.மீ., கிட்டத்தட்ட தாளின் முழு உயரம்! இரண்டு மடங்கு தூரத்தில் நிறுத்தினால் பாதி. இந்த அளவுகளில் அட்டை வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அட்டையை நகர்த்தும்போதுதான் "எங்க வீட்டுக்குப் பின்னாலயா?" என்ற உண்மையான வாக்குவாதம் தொடங்கும்.

சோலாருக்குக் கணக்கு சுலபம். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, நாளுக்குச் சுமார் 4 யூனிட். இரண்டு மாத பில்லில் 500 யூனிட் வருகிற வீட்டுக்கு 200 சதுர அடி மாடி வேண்டும்.

4. நிபந்தனை. படம் அழகாக இருந்தால் போதாது, தெருவுக்குக் கரண்டும் தர வேண்டும். 2010-இல் தொடங்கிய 'லேண்ட் ஆர்ட் ஜெனரேட்டர்' போட்டிகள் கலைஞர்களிடம் கேட்பதும் இதைத்தான். 2012-இல் களமாகக் கொடுத்தது நியூயார்க்கின் ஃப்ரெஷ்கில்ஸ் குப்பைமேட்டை.

5. ஒரே ஒரு கேள்வி. எல்லோரும் முடித்ததும் கேளுங்கள்: "ஐப்பசி அடைமழை, ராத்திரி ஏழு மணி. ஃபேன் ஓடுமா?" வெயில் இல்லை, ஆடிக்காற்றும் ஓய்ந்திருக்கும். பேட்டரி, பக்கத்து மாவட்டத்திலிருந்து வரும் கம்பி, கரண்டைக் குறைத்துச் செலவழிப்பது எல்லாம் இதற்கு அப்புறம்தான் படத்துக்குள் வரும். முதலிலேயே கேட்டால் யாரும் மார்க்கரையே தொட மாட்டார்கள்.

சேர்த்தது: பழைய காற்றாலைகளைக் கழற்றினால் இறக்கையை என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கண்ணாடி இழை, லேசில் மறுசுழற்சி ஆகாது. ராட்டர்டாமில் அதைக் குழந்தைகள் விளையாட்டுத் திடலாக்கியிருக்கிறார்கள். இறக்கை வடிவிலும் அட்டை வெட்டிக் கொடுங்கள், பஸ் ஸ்டாப் கூரை கட்டாயம் வரும்.

மறுபடி சேர்த்தது: வாடகை வீட்டுக்காரர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் "எங்களுக்கு ஏது மாடி?" என்கிறார்கள். நியாயம். அவர்களுக்குப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கல்யாண மண்டபக் கூரைகள் தெரிகிற தனி போட்டோ கொடுங்கள்.