தூக்கணாங்குருவிக் கூடுகளை எண்ணும்போது நேரும் தவறுகள்

ஒரு பனையில் 40 கூடு தொங்கினால் 40 ஜோடி என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறோம். தன்னார்வலர் பதிவுகளை அதிகம் கெடுப்பது இந்த ஒரு வரிதான். தூக்கணாங்குருவியில் கூடு கட்டுவது ஆண். பாதி கட்டியதும் பெண்ணை அழைத்துக் காட்டும். பெண் ஏற்காவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். ஏற்றுக்கொண்டால் முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பெண்ணுக்காக இன்னொன்று கட்டப் போகும். ஓர் ஆணுக்கே பல கூடுகள் இருக்கும்.

அதனால் மொத்தத்தை மட்டும் எழுதாமல் வளையம் (கட்டத் தொடங்கிய நிலை), தொப்பி (பாதி கட்டிய நிலை), முழுக்கூடு என்று நிலை பிரித்து எழுதுங்கள். தொப்பி நிலையைத் தொலைநோக்கியில் நிதானமாகப் பாருங்கள்: கவிழ்த்த தொப்பியின் வாயில் குறுக்கே ஒரு நார்ப்பட்டை ஓடும், உள்சுவரில் களிமண் அப்பியிருக்கும். பெண் ஏற்ற பிறகே பட்டைக்கு ஒரு பக்கம் மூடப்பட்டு முட்டை அறையாகும். மறுபக்கம் குழாய் கீழே இறங்கும். குழாய் இல்லாததை இனப்பெருக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழாய் இருந்தாலும், பெண் இரையோடு நுழைவதைப் பார்த்தால்தான் குஞ்சு இருப்பது உறுதி.

அடுத்து நிறம். புது நார் பச்சையாக இருக்கும், சில நாளில் காய்ந்து பழுப்பாகும். போன வருடக் கூடு சாம்பல் நிறத்தில் பிய்ந்து தொங்கும். அதில் ஏதோ சிறு குருவி நுழைகிறதே என்று உடனே எழுதிவிடக் கூடாது. பழைய கூடுகளில் சில்லைகள் என்னும் வேறு சிறு குருவிகள் குடியேறுவது வழக்கம். ஏரியில் வளரும் சம்புக் கோரையில் கூடு கண்டாலும் அவசரம் வேண்டாம். மார்பில் கறுப்புக் கோடுகள் உள்ள வேறொரு தூக்கணாங்குருவி இனம் அங்கேதான் கட்டும்.

மாதம் ஒருமுறை போவது போதாது. அடைகாக்க ஏறத்தாழ 15 நாள், குஞ்சு பறக்க இன்னும் அதே அளவு நாள் ஆகும். ஒரு தலைமுறையே நம் கண்ணில் படாமல் போய்விடும். மழைக்காலத்தில் 10 நாளுக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அரை மணி நேரம் பாருங்கள். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கூடுகளை எண்ணும்போது மட்டும் மரத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எண்ணி, எந்த மட்டையில் முடித்தோம் என்று குறித்துக்கொண்டால் ஒரே கூட்டை இருமுறை எண்ண நேராது. கிணற்றுக்கு மேல் தொங்குபவற்றை எட்டிப் பார்த்து எண்ண வேண்டாம், எதிர்க்கரையிலிருந்து எண்ணலாம்.

20 மீட்டருக்குள் போகாதீர்கள். பறவைகள் கத்திக்கொண்டே வட்டமடித்தால் இன்னும் பின்வாங்குங்கள். குருவியின் குரலை அலைபேசியில் ஒலிபரப்பி வரவழைப்பது கூடவே கூடாது. காற்றில் விழுந்த கூட்டையும் வீட்டுக்கு அலங்காரமாக எடுத்துப் போகாமல், அங்கேயே படமெடுத்து அதன் நிலையை மட்டும் குறியுங்கள்.

கூடே இல்லாத நாளையும் 'பூஜ்யம்' என்று தேதியோடு எழுதுங்கள். அந்தப் பனையை வெட்டிவிட்டார்கள் என்றால் அதையும் எழுத வேண்டும்.