மியூனிக்கா, மியூன்ஷெனா: ஜெர்மன் ஊர்ப்பெயரைத் தப்பில்லாமல் எழுத

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமிருந்து ஜெர்மனிக்கு விண்ணப்பம், பார்சல், பணம் என எதை அனுப்பினாலும் முதல் குழப்பம் ஊர்ப்பெயரில்தான். மாயவரமும் மயிலாடுதுறையும் ஒன்று என்று நமக்குத் தெரிவதுபோல, மியூனிக்கும் மியூன்ஷெனும் ஒன்று என்று அங்குள்ளவருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆகவே அஞ்சல் எண்ணை முதலில் சரிபாருங்கள். பெயர் அதற்கு அப்புறம்.

எண் ஐந்து இலக்கம், ஊருக்கு முன்னால் வரும். 1993 ஜூலை 1-இல் வந்த முறை இது. பழைய கடிதங்களில் இருக்கும் நான்கு இலக்க எண் இப்போது செல்லாது. கிழக்குப் பகுதியில் பல ஊர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். முகவரிப் பட்டியலை எக்செல்லில் அடித்தால் அந்தப் பூஜ்யம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள்.

அடுத்தது புள்ளிகள். ஏ (a), ஓ (o), யூ (u) எழுத்துகளின் மேல் இரண்டு புள்ளி இருந்து, உங்கள் விசைப்பலகையில் அது கிடைக்காவிட்டால், புள்ளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஓர் ஈ (e) சேருங்கள். மியூன்ஷெனுக்கு எம்-யூ-ஈ, கோல்னுக்கு கே-ஓ-ஈ. வெறுமனே புள்ளியைக் கழற்றுவது தவறு. பல படிவங்கள் ‘அப்படி ஊர் இல்லை’ என்று திருப்பும். பெரிய பீ (B) போலத் தெரியும் எழுத்து பீ அல்ல, இரட்டை எஸ். கீஸன், மைஸன் ஊர்களை பீ போட்டுத் தேடினால் கிடைக்காது. வங்கிப் பரிமாற்றப் படிவத்துக்கும் ஈ சேர்த்த வடிவமே பாதுகாப்பு.

இதைத் தலைகீழாகச் செய்யக்கூடாது. ஓ-ஈ கண்ட இடமெல்லாம் புள்ளி வைத்தால் ஸோஸ்ட், கோஸ்ஃபெல்ட், இட்ஸஹோ மூன்றும் கெட்டுப்போகும். அங்கே ஈ முந்தைய உயிரை நீட்டுவதற்கு மட்டுமே, எழுத்து மாறாது.

ஆங்கிலத்தில் வேறு பெயர் உள்ளவை சிலவே: மியூனிக், கொலோன் (ஜெர்மனில் கோல்ன்), நியூரம்பர்க், பிரன்ஸ்விக். ஹானோவருக்கு ஆங்கிலத்தில் ஒரு என், ஜெர்மனில் இரண்டு. ரயில் பலகையில் ஜெர்மன் பெயர்தான் இருக்கும் என்பதால் நியூர்ன்பெர்க், பிரவுன்ஷ்வைக் வடிவங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கும் நேரத்துக்கும் நிஜமாக வேட்டு வைப்பவை இரட்டை ஊர்கள். மெயின் ஆற்றங்கரை ஃபிராங்பர்ட்டில்தான் பெரிய விமான நிலையம். ஓடர் ஆற்றங்கரை ஃபிராங்பர்ட் போலந்து எல்லையில் இருக்கிறது. ஃப்ரைபுர்க் தென்மேற்கில், ஃப்ரைபெர்க் கிழக்கே சாக்சனி மாநிலத்தில். ஒரே எழுத்து வித்தியாசம், இரண்டிலும் பல்கலைக்கழகம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் படித்த ஹாலே, ஸாலே ஆற்றங்கரையில் உள்ளது. மிஷன் ஆவணங்கள் இருக்கும் ஃபிராங்கே நிறுவனத்துக்கு எழுதுவோர் 06110 போடவேண்டும். 33790 என்றால் வெஸ்ட்ஃபாலியா ஹாலேக்குப் போய்விடும்.

பழைய நூல்களில் கோல்னுக்கும் காஸலுக்கும் முதலெழுத்து சீ (C). முன்னது 1919-இலும் பின்னது 1926-இலும் கே ஆயின. கோட்பஸ், கோபுர்க் இன்றும் சீதான், எனவே நீங்களாக மாற்றாதீர்கள். 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் ஸ்டாட் என்றிருந்தது கெம்னிட்ஸ்.

உறையில் பெயர், தெரு, தெருவுக்குப் பின் வீட்டு எண், அடுத்த வரியில் அஞ்சல் எண்ணும் ஊரும், கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் நாடு. அடுக்குமாடியில் பெரும்பாலும் கதவிலக்கம் கிடையாது. தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டிய பெயரை. பிள்ளை வேறொருவர் வீட்டில் தங்கியிருந்தால் அந்த வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.