துருவேறி இறுகிய சஸ்பென்ஷன் போல்ட்டைக் கழற்றும் முறை

டொராண்டோவின் 14 குளிர்காலங்களைக் கண்ட என் காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் சென்ற மே மாதம் வீட்டு வாசலிலேயே மாற்றினேன். வலது பக்கம் 40 நிமிடங்களில் முடிந்துவிட்டது. இடது பக்கத்தின் கீழ்ப் போல்ட் ஒன்று மட்டும் இரண்டு நாள்களை விழுங்கியது. பனியை உருக்குவதற்காகச் சாலையில் கொட்டும் உப்பு, நீரோடு சேர்ந்து போல்ட்டின் இடுக்குகளில் புகுந்து துருவை வளர்க்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இடைவெளியே இல்லாத துளைக்குள் அது ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது.

சக்கரம் கழற்றத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். போல்ட்டைத் திருப்ப நீண்ட கம்பியைப் பிடித்து இழுக்கும்போது கார் முழுவதும் ஆடும் என்பதால், ஜாக்கை மட்டும் நம்பாமல் இருபுறமும் ஸ்டாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

முதற்படி: மூன்று நாள்களுக்கு முன்பே தொடங்குதல்

நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால், இளகிய நட்டு வெளியேறும் வழியில் அந்தத் துருவிலேயே மீண்டும் சிக்கிக்கொள்ளும். பிறகு தினமும் மாலையில் துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயைத் தெளித்துவிடுங்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. ‘வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’, அதாவது நீரை விலக்குதல், என்பதன் சுருக்கமான அதன் பெயரே அதைத்தான் சொல்கிறது. இந்த வேலைக்கென்றே விற்கும் எண்ணெய்க்குச் சில டாலர் கூடுதலாகக் கொடுப்பதை நான் வீண்செலவாகக் கருதவில்லை.

இரண்டாம் படி: நட்டை இளக்குதல்

பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். அது நட்டின் மூலைகளை மட்டும் பிடிப்பதால், துரு தின்ற நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ஆறு முனை சாக்கெட்டும் சாக்கெட்டைத் திருப்பும் இரண்டடி நீளக் கம்பியான பிரேக்கர் பாரும் போதும். முதலில் இறுக்கும் திசையில் ஓர் இம்மி தள்ளி, துருவின் பிடி உடையும் ‘கிறீச்’ ஒலி கேட்ட பிறகே எதிர்த்திசையில் திருப்புங்கள். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று பின்னே போய், எண்ணெய் விட்டு, மறுபடி தொடருங்கள். இறுக்கம் திடீரென்று குழைந்து, மெழுகைத் திருகுவதுபோல் கைக்குத் தோன்றினால் நிறுத்திவிடுங்கள். போல்ட் முறியப்போகிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

மூன்றாம் படி: உட்குழலில் ஒட்டிய போல்ட்

நான் இடறியது இங்கேதான். நட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது, போல்ட்டின் தலையும் கால் சுற்று திரும்பியது, எனவே வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். கையை எடுத்ததும் பிரேக்கர் பார் மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. ஷாக்கின் கீழ்க்கண்ணில், அதாவது போல்ட் நுழையும் வளையத்தில், ரப்பர் புஷ் என்னும் உறையும் அதன் நடுவில் ஓர் இரும்புக் குழலும் இருக்கின்றன. போல்ட் அந்தக் குழலோடு ஒன்றாக ஒட்டிவிட்டது. நான் திருகியது போல்ட்டை அன்று, ரப்பரை. இது புரியாமல் ஒரு மணிநேரம் சுத்தியலால் அடித்து, மரையின் நுனியைக் காளான்போல் விரியச் செய்துவிட்டேன். அடித்தே ஆகவேண்டுமென்றால், நட்டைப் போல்ட்டின் நுனியோடு சமமாக நிற்கும்வரை திருப்பி ஏற்றிவிட்டு, அதன்மேல் அடியுங்கள்.

வெப்பம் ஒரு வழிதான். 12 மி.மீ. துளை 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.04 மி.மீ. விரியும், துருவின் பிடியைத் தகர்க்க அதுவே போதும். ஆனால் புஷ்ஷின் ரப்பர் தீப்பிடிக்கும், பின்பக்கத்தில் பெட்ரோல் தொட்டியும் பிரேக் குழாயும் அருகிலேயே இருக்கும். ஆகவே நான் சுடரைத் தவிர்த்தேன். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தைச் சூடாக்கினால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உருவாகக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஷாக்கும் போல்ட்டும் எப்படியும் குப்பைக்குப் போவதால், கடைசியில் வெட்டினேன். ஷாக்கைப் பிடித்திருக்கும் தாங்கிக்கும் ஷாக்கின் கண்ணுக்கும் இடையே, இருபுறமும், மின்வாளால் அறுக்க வேண்டும். சாதாரண உலோக பிளேடுகள் இரண்டு மொட்டையாகின. கார்பைடு பிளேடு நான்கு நிமிடத்தில் முடித்தது. மாற்றுப் போல்ட்டையும் நட்டையும் முன்பே வாங்கி வைத்திருங்கள். நான் வாங்காததால், சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள்வரை கார் ஸ்டாண்டின் மேலேயே நின்றது. பழைய போல்ட்டின் தலையில் பொறித்திருந்த அதே தரக்குறி புதியதிலும் இருக்க வேண்டும்.

நான்காம் படி: பூட்டுதல்

உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைக் குழலுக்குள் நிற்கும் வழவழப்பான பகுதியில் மட்டும் பூசுங்கள். மரையில் பூசினால் உராய்வு குறைந்து, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாகப் போல்ட் இறுகிவிடும். கடைசி இறுக்கத்தைக் காரின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் செய்ய வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், முன்பக்க ஸ்டெபிலைசர் லிங்கில் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பாகம்) நட்டோடு சேர்ந்து அதன் மரையுள்ள ஆணியும் சுற்றுவதாக எழுதியிருந்தார். ஆணியின் நுனியில் அலன் கீ நுழையும் அறுகோணத் துளை இருக்கும், ஆனால் அதைத் துரு மூடியிருக்கும். ஊசியால் துருவை முழுவதும் கிளறி எடுத்து, அலன் கீயைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிய பிறகே நட்டைத் திருப்புங்கள். அந்தத் துளையும் மழுங்கிவிட்டால், லிங்கும் எறியப்போகும் பொருள்தானே. நான் யோசிக்காமல் கிரைண்டரை எடுத்துவிடுவேன்.