மசாலாக் கையும் ஜின் ஜாடியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் நம் வீடுகளில் மசாலாவுக்குக் குறைவில்லை. மல்லி, ஏலம், பட்டை, கிராம்பு எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கும். வீட்டில் ஜின் போட்டுப் பார்க்கிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். கறிக்கு அள்ளிப் போட்டுப் பழகிய கை ஜாடியிலும் அப்படியே அள்ளிவிடுகிறது. கறியில் கிராம்பு ஒன்றிரண்டு கூடினால் தக்காளியும் எண்ணெயும் தாங்கிக்கொள்ளும். ஜாடியில் இருக்கும் வோட்கா தாங்காது. இருக்கிற வாசனை எண்ணெயை எல்லாம் இழுத்து நேரே நாக்கில் கொண்டுவந்து வைத்துவிடும்.

காய்ச்சி வடிப்பதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. அதற்கு உரிமம் வேண்டும், ஆபத்தும் உண்டு. கடையில் வாங்கிய சாதா வோட்காவில் வாசனைப் பொருள்களை ஊறவைத்து வடிகட்டுவதுதான் இந்த முறை. தென்னாப்பிரிக்காவில் வோட்காவில் குறைந்தது 43 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊறவைக்க அந்த வலு போதும்.

ஜின்னுக்கு அதன் வாசனையைத் தரும் ஜூனிப்பர் காயில் பலர் சிக்கனம் பிடிக்கிறார்கள். ஜூனிப்பர் முன்னால் நிற்காவிட்டால் அது ஜின் இல்லை, மசாலா போட்ட வோட்கா. 750 மில்லிக்கு 20 கிராம் உலர்ந்த ஜூனிப்பர் போடுங்கள். மணத்தக்காளி வற்றலைவிடச் சற்றுப் பெரிதாக, கருநீலமாக இருக்கும். விரலால் அழுத்தினால் லேசாக நசுங்கி பைன் மர வாசனை வர வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழைய சரக்கு. உணவுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கும் ஜூனிப்பர்களில் நச்சு வகையும் உண்டு. நம் தெருவோரங்களில் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் சிரிங்கா, அதாவது மலைவேம்பு, அதன் காயும் நஞ்சுதான். பெயர் உறுதியாகத் தெரியாத எதையும் ஜாடியில் போடாதீர்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டி மூடிவிடுவது. இதுதான் பெரிய தவறு என்பேன். ஜூனிப்பரும் ஒரு டீஸ்பூன் மல்லியும் ஒரு நாள் முழுக்க ஊறலாம். ஏலக்காய் இரண்டு போதும், அதுவும் ஆறேழு மணி நேரம். பட்டைக்கு அதற்கும் குறைவு. என் முதல் ஜாடியில் ஆறு கிராம்பைப் போட்டு இரண்டு நாள் விட்டேன். திறந்தபோது பல்வலி மருந்து வாசனை. ஒரு வாய் குடித்ததும் நாக்கு மரத்துப்போனது. இன்னொரு பாட்டில் வோட்கா ஊற்றி நீர்க்கச் செய்துதான் அதைக் காப்பாற்றினேன். ஏறிய வாசனையைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அதனால் இப்போது பட்டையையும் ஏலத்தையும் மெல்லிய துணியில் முடிந்து நூலில் கட்டித் தொங்கவிடுகிறேன், பிரியாணிக்கு மசாலா முடிச்சுப் போடுவது போல. போதும் என்று பட்டதும் நூலைப் பிடித்துத் தூக்கிவிடலாம்.

பொடி வேண்டவே வேண்டாம். ஜின் கலங்கும், வடிகட்டியும் தீராது. மல்லியை முழுதாக வாங்கி, போடும்போது லேசாக நசுக்கினால் போதும்.

சரி, பழத்தோல். குளிர்காலத்தில் இங்கே கிடைக்கும் நார்ச்சி ஜின்னுக்கு அருமையாகச் சேரும். அந்தப் பெயரே நம் நாரத்தையிலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. 1860இல் நம்மவர்கள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து இறங்குவதற்கு முன்பே இந்த நாட்டின் கேப் பகுதியில் புழங்கிய சொல் அது. பழம் மட்டும் நாரத்தை இல்லை, கமலா ஆரஞ்சு. தோலை அப்படியே உரித்துப் போட்டால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசப்பை இறக்கிவிடும். தோலை வெந்நீரில் கழுவி, பலகையில் கவிழ்த்து வைத்து, ஸ்பூன் விளிம்பால் வெள்ளையைச் சுரண்டுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரிய வேண்டும். அந்த அளவுக்குச் சுரண்டிய தோல் கடைசி எட்டு மணி நேரம் ஊறினால் போதும்.

புக்கு இலையை இந்த நாட்டின் ஜின்களில் நிறையப் பேர் விரும்புகிறார்கள். கேப் மலைகளின் செடி. இங்குள்ள பழங்குடிகளான கொய், சான் மக்கள் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தியது. வாசனை மிகக் கடுமை. காய்ந்த இலை இரண்டு போடுங்கள், அரை நாளில் எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புக்குவைத் தொடவே கூடாது. ரூய்போஸ் என்னும் செந்தேநீர் இலையைப் போட்டால் துவர்ப்பும் சிவப்பும் சீக்கிரம் ஏறும். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

ருசி பார்ப்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. 43 சதவீதத்தை அப்படியே நக்கிப் பார்த்தால் எரிச்சல்தான் தெரியும். ஒரு ஸ்பூன் ஜின்னுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் கலந்து பாருங்கள், அப்போதுதான் எது தூக்கலாக இருக்கிறது என்று புரியும். முதலில் சில மணிக்கு ஒருமுறை, பழத்தோல் போட்ட அப்புறம் இன்னும் அடிக்கடி.

காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, இரண்டு நாள் ஓய்வாக விடுங்கள். கடை ஜின் போலத் தெளிவாக இல்லையே என்று சிலர் கொட்டிவிடுகிறார்கள். ஊறவைத்த ஜின் இளமஞ்சளாகத்தான் இருக்கும். ஐஸும் டானிக்கும் ஊற்றும்போது லேசாகக் கலங்கினாலும் கெட்டுப்போகவில்லை. ஜூனிப்பரின் எண்ணெய் தண்ணீரில் பிரிந்து வருகிறது, அவ்வளவுதான்.