சாங்கியில் விமானங்கள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டனவா? ஆண்டு மாற்றத்தை நாமே கணக்குப் போடும் முறை

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மகனைச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சாங்கி கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டு வழக்கம். தரையிறங்க வரும் விமானங்கள் அங்கே மிகவும் தாழ்வாகப் பறக்கும், வாலில் உள்ள சின்னம் வரை தெளிவாகத் தெரியும். 2020-இன் பிற்பாதியில் அதே இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால் வானம் வெறுமையாகக் கிடக்கும். அந்த அமைதி அவன் மனதில் தங்கிவிட்டது. அதனால்தான் அண்மையில் கேட்டான்: "அப்பா, இப்போ முன்ன மாதிரியே எல்லா ஃப்ளைட்டும் வந்துடுச்சா?"

வந்துவிட்டது என்றேன். பயணிகள் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்துவிட்டதாகச் செய்தியில் படித்திருந்தேன். பிறகு சொன்னது சரிதானா என்று பார்க்கலாமே எனக் கணினியில் உட்கார்ந்தேன். இரண்டு இரவுகள் போயின. அவனிடம் சொன்ன பதில் சரியில்லை என்பதும் தெரிந்தது. நான் எங்கெல்லாம் தடுக்கினேனோ அங்கெல்லாம் நீங்கள் தடுக்காமல் போகத்தான் இந்தப் பதிவு. விரிதாளில் கூட்டலும் வகுத்தலும் போடத் தெரிந்தால் போதும்.

முதல் படி: எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்வது

விமான நிலையம் 'வளர்ந்தது' என்றால் மூன்றில் ஒன்றைச் சொல்கிறார்கள்: பயணிகள், சரக்கு, விமான இயக்கம். இயக்கம் என்பது ஓர் இறக்கம் அல்லது ஓர் ஏற்றம். திருச்சியிலிருந்து வந்து இறங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும் ஒரு விமானம் சாங்கியின் கணக்கில் இரண்டு இயக்கம்.

இது தெரியாமல் முதல் இரவு முழுவதும் வீணானது. சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறையின் இணையத்தளத்தில் மாதவாரியான அட்டவணைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 'வருகை' என்ற வரிசையை மட்டும் எடுத்து 12 மாதங்களையும் கூட்டினேன். 2019-க்கு ஏறக்குறைய 1.9 லட்சம் வந்தது. விமான நிலையத்தின் ஆண்டு அறிவிப்பிலோ 3.82 லட்சம் என்றிருந்தது. பாதி விமானங்கள் எங்கே போயின என்று கோப்பைத் திரும்பத் திரும்பப் பதிவிறக்கிப் பார்த்தேன். கோப்பில் ஒரு குறையும் இல்லை. நான் எடுத்தது இறக்கம் மட்டும், அறிவிப்பில் இருந்தது இரண்டும் சேர்ந்தது. உங்களுக்கும் கணக்கு சரிபாதியாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாம் படி: எண்களை ஒழுங்காக அடுக்குவது

மாதவாரிக் கோப்பு வேண்டாம், ஆண்டுக் கணக்கு போதும் என்பவர்கள் சாங்கி ஒவ்வொரு ஜனவரியிலும் வெளியிடும் ஆண்டு அறிவிப்புகளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அங்கே மில்லியன் கணக்கில் இருக்கும், நான் கோடிக்கு மாற்றியிருக்கிறேன். முதலில் பயணிகள், அடுத்து இயக்கங்கள், எல்லாம் முழுமையாக்கிய எண்கள்:

2018: 6.56 கோடி, 3.86 லட்சம்
2019: 6.83 கோடி, 3.82 லட்சம்
2020: 1.18 கோடி, 1.25 லட்சம்
2021: 30.5 லட்சம், 1.09 லட்சம்
2022: 3.22 கோடி, 2.19 லட்சம்
2023: 5.89 கோடி, 3.28 லட்சம்
2024: 6.77 கோடி, 3.66 லட்சம்

விரிதாளில் ஏற்றும்போது இரண்டு நெடுவரிசைகளையும் முழு எண்ணாகவே இடுங்கள். 30.5 லட்சத்தைக் கோடிக் கணக்கில் 30.5 என்று போட்டுவிட்டால் கோடு உச்சிக்கு ஏறி நிற்கும்.

மென்பொருள் எது என்று கேட்டால், என் ஓட்டு லிப்ரே ஆஃபீஸ் கால்க்குக்குத்தான். கோப்பைத் திறக்கும்போதே எந்த நெடுவரிசை எண், எது எழுத்து, எது தேதி என்று நம்மையே கேட்கும். எக்ஸெல் பல சமயம் தானாகவே முடிவெடுத்துவிடும், மாதப் பெயர்களில் அது சொதப்பும். கூகுள் ஷீட்ஸ் பிறருக்குக் காட்ட நல்லது, கணக்குப் போட நான் அதில் உட்காருவதில்லை. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் அதன் பாண்டாஸ் என்ற தரவுத் தொகுப்பில் போடலாம். ஏழு வரித் தரவுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: ஆண்டு மாற்றம்

வாய்ப்பாடு எளிது. இந்த ஆண்டிலிருந்து சென்ற ஆண்டைக் கழித்து, வந்ததைச் சென்ற ஆண்டால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். இயக்கங்களுக்கு 2019-இல் ஒரு விழுக்காடு குறைவு, 2020-இல் 67.3 குறைவு, 2021-இல் 12.8 குறைவு, 2022-இல் 100.9 கூடுதல், 2023-இல் 49.8 கூடுதல், 2024-இல் 11.6 கூடுதல் என்று வரவேண்டும்.

எனக்கு 2019-இல் 206 விழுக்காடு வளர்ச்சி என்று வந்தது. புள்ளிவிவரத் துறைக் கோப்பில் புதிய மாதம் முதலிலும் பழையது கடைசியிலும் இருக்கும். அதை அப்படியே நிமிர்த்தி ஒட்டியிருந்தேன். மேலே இருப்பது முந்தைய ஆண்டு என்று நினைத்து எழுதிய வாய்ப்பாடு, 2020-ஐ அடிப்படையாக வைத்து 2019-ஐ அளந்துவிட்டது. பழைய ஆண்டு மேலே, புதிய ஆண்டு கீழே என்று வரிசைப்படுத்திய பிறகே வாய்ப்பாட்டைத் தொடுங்கள். பாண்டாஸில் ஆண்டு மாற்றத்துக்கென்று இருக்கும் செயற்கூறும் இதே வரிசையைத்தான் எதிர்பார்க்கிறது. தலைகீழாகக் கொடுத்தாலும் பிழை காட்டாமல் விடை தந்துவிடும்.

நான்காம் படி: விழுக்காடுகளைக் கூட்டாதீர்கள்

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். பதிவு எழுதத் தூண்டியதே இதுதான்.

2020 முதல் 2024 வரை வந்த ஐந்து விழுக்காடுகளையும் வரிசையாகக் கூட்டிப் பாருங்கள். 67.3 கழித்து, 12.8 கழித்து, 100.9, 49.8, 11.6 மூன்றையும் சேர்த்தால் 82.2 கூடுதல் என்று வருகிறது. அதாவது 2019-ஐவிட விமானங்கள் 82 விழுக்காடு அதிகம்! உண்மையில் 3.82 லட்சம் இருந்த இடத்தில் 3.66 லட்சம்தான் இருக்கிறது. 4 விழுக்காடு குறைவு.

ஒவ்வொரு விழுக்காடும் வேறொரு எண்ணின் மேல் நிற்பதுதான் காரணம். 67.3 விழுக்காடு போனது 3.82 லட்சத்திலிருந்து. 100.9 விழுக்காடு வந்தது வெறும் 1.09 லட்சத்தின் மேல். நூறு ரூபாயில் அறுபத்தேழைத் தொலைத்தவனுக்கு, மிச்சமிருக்கும் முப்பத்துமூன்று இரட்டிப்பானாலும் அறுபத்தாறுதானே. பயணிகள் கணக்கில் இது இன்னும் மோசம்: 2022-இல் 956 விழுக்காடு உயர்வு என்று வரும். எண்ணாகப் பார்த்தால் அது 30.5 லட்சத்திலிருந்து 3.22 கோடி, 2019-இன் பாதிகூட இல்லை. தலைப்புச் செய்தியில் இவ்வளவு பெரிய விழுக்காட்டைக் கண்டால் எதன் மேல் நின்று அளந்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

சரியான வழிகள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு விழுக்காட்டையும் பெருக்கெண்ணாக மாற்றிப் பெருக்குவது. 67.3 குறைவு என்றால் 0.327, 100.9 கூடுதல் என்றால் 2.009. ஐந்தையும் பெருக்கினால் 0.958 வரும். மற்றொன்று அதைவிட எளிது, எனக்குப் பிடித்ததும் அதுதான்: 2019-ஐ 100 என்று வைத்துக்கொண்டு எல்லா ஆண்டுகளையும் அதனோடு ஒப்பிடுவது. அந்தந்த ஆண்டின் எண்ணை 2019-இன் எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

இயக்கங்கள் இப்படி வரும்: 2020-இல் 32.7, 2021-இல் 28.5, 2022-இல் 57.3, 2023-இல் 85.9, 2024-இல் 95.8. பயணிகள் இப்படி: 17.3, 4.5, 47.1, 86.2, 99.1.

விரிதாளில் 2019-இன் கட்டத்தை டாலர் குறி போட்டுப் பூட்ட மறக்காதீர்கள். பூட்டாமல் கீழே இழுத்தால் அடிப்படை ஆண்டும் ஒவ்வொரு வரியாக நகர்ந்துகொண்டே போகும்.

ஐந்தாம் படி: இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைப்பது

இரண்டையும் ஒரே கோட்டு வரைபடத்தில் போடுங்கள். 100-இல் ஒன்றாகக் கிளம்பி 2021-இல் வெகுதூரம் பிரிந்து நிற்கும். பயணிகள் 4.5-க்கு விழுந்துவிட்டார்கள், விமானங்கள் 28.5-இல் நிற்கின்றன. ஆள் இல்லாமல் ஏன் இவ்வளவு விமானம்?

சரக்கைச் சேர்த்தால் விடை கிடைக்கும். 2019-இல் சாங்கி கையாண்ட சரக்கு 20.1 லட்சம் டன். 2020-இல் 15.4 லட்சம். 2021-இல் 19.5 லட்சம், அதாவது 2019-ஐ 100 என்று வைத்தால் 97. எல்லைகள் மூடியிருந்தபோதும் மருந்தும் மின்னணுப் பாகங்களும் உணவும் வந்துகொண்டே இருந்தன. பயணிகள் விமானங்களே ஆள் ஏற்றாமல் வயிற்றுப் பகுதியில் பெட்டிகளை நிரப்பிக்கொண்டு பறந்தன. 2020 டிசம்பர் 21 அன்று சிங்கப்பூருக்கு முதல் தடுப்பூசிகளைப் பிரஸ்ஸல்ஸிலிருந்து கொண்டுவந்ததும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஒரு சரக்கு விமானம்தான். கடற்கரையில் அன்று எங்கள் தலைக்கு மேல் எப்போதாவது போன விமானங்கள் சும்மா போகவில்லை என்பது இந்த மூன்று கோடுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மகனுக்கு அந்த வரைபடத்தைக் காட்டினேன், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

2021-க்குப் பிறகு ஏறும் வேகத்துக்கும் காரணங்கள் இருக்கின்றன. 2022 ஏப்ரல் 1 முதல் தடுப்பூசி போட்ட பயணிகளுக்குச் சிங்கப்பூர் எல்லையைப் பெரிதும் திறந்துவிட்டது. 2020 மே மாதம் நிறுத்தி வைக்கப்பட்ட நான்காம் முனையம் 2022 செப்டம்பரில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. இரண்டாம் முனையம் 2023-இன் பிற்பகுதியில் முழுதாகத் திரும்பியது. வரைபடத்தில் இந்தத் தேதிகளைச் சிறு குறிப்பாக எழுதி வையுங்கள், பார்ப்பவர்கள் உங்களைக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

ஆறாம் படி: ஓர் இயக்கத்துக்கு எத்தனை பேர்

கடைசிக் கணக்கு. பயணிகளை இயக்கங்களால் வகுங்கள். 2018-இல் 170, 2019-இல் 179, 2021-இல் 28, 2024-இல் 185. சரக்கு விமானங்களும் இயக்கத்தில் அடக்கம் என்பதால் இது ஒரு விமானத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் துல்லியமான எண் அல்ல. ஆனாலும் போக்கைக் காட்டிவிடும்.

2019-ஐக் கவனியுங்கள். பயணிகள் 4.1 விழுக்காடு கூடினார்கள், விமானங்கள் ஒரு விழுக்காடு குறைந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்குச் சிங்கப்பூர் தடை விதித்தது, ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் சேவையே நின்றுபோனது. இரண்டுமே இயக்கங்களைக் குறைக்கும் பக்கம்தான் தள்ளின. பயணிகளோ மற்ற விமானங்களில் ஏறிக்கொண்டார்கள். பெரிய விமானம் வந்தாலும் இதே கதைதான். ஸ்கூட் நிறுவனத்தின் 180 இருக்கை ஏ320 போன இடத்தில் 236 இருக்கை ஏ321 நியோ போனால், இயக்கம் அதே ஒன்றுதான், ஆள் 56 பேர் கூடுதல்.

மகனுக்கு நான் திருத்திச் சொன்ன பதில் இதுதான்: "ஆளுங்க கிட்டத்தட்ட எல்லாரும் வந்துட்டாங்க, ஆனா ஃப்ளைட் இன்னும் முழுசா வரலை. ஒரு ஃப்ளைட்டுக்குச் சராசரியா முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் பேர் வர்றாங்க." 2024 வரையிலான எண்களுக்கு இது சரி.

பின்சேர்க்கை 1: இந்த முறையில் போட்டுப் பார்த்த ஒரு வாசகர், ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டால் தாறுமாறாக வருகிறது என்று எழுதியிருந்தார். சீனப் புத்தாண்டைப் பாருங்கள். 2023-இல் அது ஜனவரி 22, 2024-இல் பிப்ரவரி 10. பயணக் கூட்டம் ஒரு மாதத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் சேர்த்து ஒப்பிட்டால் ஓரளவு சரியாகும். பிப்ரவரியை மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் 2020-க்கும் 2024-க்கும் 29 நாள் என்பதையும் நினைவில் வைத்து, நாள் சராசரியாக வகுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவர் 2014-இலிருந்து 2019 வரை 'சராசரி ஆண்டு வளர்ச்சி' கேட்டார். ஐந்து விழுக்காடுகளைக் கூட்டி ஐந்தால் வகுக்க வேண்டாம். கடைசி எண்ணை முதல் எண்ணால் வகுத்து, அதன் ஐந்தாம் மூலத்தை எடுத்து, ஒன்றைக் கழியுங்கள். விரிதாளில் ஐந்தில் ஒரு பங்கு அடுக்கு என்று போட்டால் மூலம் கிடைத்துவிடும். 2014-இல் 5.41 கோடிப் பயணிகள், 3.41 லட்சம் இயக்கங்கள். பயணிகளுக்கு ஆண்டுக்கு 4.8, இயக்கங்களுக்கு 2.3 விழுக்காடு வருகிறது. இரண்டின் வேகமும் பெருந்தொற்றுக்கு முன்பே வேறுவேறாகத்தான் இருந்திருக்கிறது.

பின்சேர்க்கை 3: நடப்பு ஆண்டைச் சேர்த்தால் கோடு திடீரென்று கீழே விழுகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆண்டு முடியவில்லை, அவ்வளவுதான். ஒன்று அந்த ஆண்டை விட்டுவிடுங்கள். அல்லது ஒவ்வொரு மாதத்துக்கும் அதற்கு முந்தைய 12 மாதங்களின் கூட்டுத்தொகையை எடுத்து வரையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழு ஆண்டு இருக்கும், பண்டிகைகள் இடம் மாறுவதன் பாதிப்பும் பெருமளவு குறைந்துவிடும். எந்தக் கட்டமாவது காலியாக இருந்தாலோ எழுத்தாக இருந்தாலோ கூட்டல் அதை விட்டுவிட்டு மேலே போய்விடும். எனவே வரைவதற்கு முன் 12 கட்டங்களிலும் எண் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.