கோதிக் ஓவியத்தில் அழுபவர்கள்: பார்க்கிற நாம் செய்யும் தவறுகள்

இறந்த இயேசுவைச் சுற்றி அழுபவர்களை ஐரோப்பிய இடைக்காலத்தின் கோதிக் பாணியில் வரைந்த ஓவியம் ஒன்றைப் பார்த்ததும் நம் கண் நேராக முகங்களுக்குப் போகும். எல்லா முகமும் ஒரே சாயலில் இருக்கும். “உணர்ச்சியே இல்லையே” என்று நகர்ந்துவிடுவோம். முதல் தவறு இதுதான். அந்த ஓவியர்கள் துக்கத்தை முகத்தைவிடக் கையிலும் உடம்பிலும்தான் அதிகம் வைத்தார்கள்.

இத்தாலியின் பாதுவா நகரில், ஸ்க்ரோவென்யி சிற்றாலயச் சுவரில் 1305 வாக்கில் ஓவியர் ஜொத்தோ வரைந்ததைப் பாருங்கள். இயேசுவின் சீடர் யோவான் இரண்டு கைகளையும் பின்னால் வீசிக் குனிகிறார். முன்னால் இரண்டு பெண்கள் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். முகமே தெரியாது, கவிந்த அந்த முதுகுகளே போதும்.

அப்புறம், ஆள் மாறாட்டம். தாடியில்லாத இளைஞரான யோவானைப் பெண் என்று நினைப்பவர்கள் நிறைய. அழுகிற பெண்ணெல்லாம் இயேசுவைப் பின்தொடர்ந்த மகதலா மரியாவும் இல்லை. இயேசுவின் காலடியையோ கையில் தைலச் சிமிழையோ தேடினால் பெரும்பாலும் அவர் கிடைப்பார்.

மயங்கி விழும் இயேசுவின் தாய் மரியாவை வெறும் பலவீனமாக எடுத்துக்கொள்வதும் தவறு. மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ரோஜியர் வான் டெர் வேய்டனின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’ 1443க்கு முன் வரைந்தது. அதில் தாயின் உடம்பு மகனின் உடம்பு சாய்ந்த அதே கோணத்தில் சாய்கிறது. மகன் பட்ட வேதனையைத் தாயும் பட்டாள் என்ற அந்தக் கால நம்பிக்கையை ஓவியர் அப்படியே உடம்பாக்கிவிட்டார். எனக்கு இந்த ஒரு படம் போதும். மரியாவின் உடை நீலம் என்பதையும் கவனியுங்கள்.

ஏனென்றால் துக்கம் என்றால் கறுப்பு என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். ஸ்பெயினின் மஹாமுத் என்ற ஊரில் ஒரு பிரபுவின் கல்லறைக்காக 1295 வாக்கில் வரைந்த பலகைகள் இப்போது பார்சிலோனாவில் இருக்கின்றன. அதில் ஆணும் பெண்ணும் கோடு போட்ட உடையில் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு அழுகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டு ஜெபப் புத்தகங்களில் சவப்பெட்டியைச் சுற்றிக் கறுப்பு முக்காடுடன் நிற்பவர்கள் வருவது உண்மைதான். ஆனால் அவர்களை உடனே உறவினர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இறுதிச் சடங்குகளில் துணியும் காசும் கொடுத்து ஏழைகளை அப்படி நிறுத்தும் வழக்கமும் அப்போது இருந்தது.